எல்லாம் கபுட், மோட்டோர் நல்லது

என்னோடு கார் விற்ற நீங்கள் எனக்கு வைத்த பிரியாவிடைச் சாப்பாடு முடிந்து பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது உங்களில் ஒருவர் கேட்டார்: “அண்ணை, பழைய காரை விக்கேக்க பழுதை முதல்ல சொல்லுறதோ, கடைசியில சொல்லுறதோ?” நான் வாயைத் திறக்க முன்னரே பஸ் வந்துவிட்டது. ஓடிப்போய் ஏறிவிட்டேன். ஓய்வு பெற்றவன் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கலாம் என்பது எனக்கு இன்னும் பழகவில்லை.

அதற்கான பதிலை இங்கே எழுதுகிறேன். எஞ்சினைப் பற்றியும் கியரைப் பற்றியும் எழுதப் போவதில்லை. அதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும், தெரியாததைக் கொம்பியூட்டர் சொல்லும். நான் சொல்லப்போவது என் முதல் விற்பனையின் கதை. அதை விற்றபோது நான் விற்பனையாளனே இல்லை. கார் கழுவுகிறவன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்த காலம். சுவிஸில், துன் நகரத்துக்கு வெளியே ஒரு சின்னக் கராஜில் வேலை. முதலாளியும் அவருடைய மனைவியும் நடத்தினார்கள். முதலாளியை எல்லாரும் ‘ஷெஃப்’ என்பார்கள். நான் முதல் இரண்டு நாள் அவர் சமையல்காரர் என்றே நினைத்திருந்தேன். பெண் முதலாளிக்கு அவர்கள் பாஷையில் ‘ஷெஃபின்’. எங்கள் காதுக்கு அது ‘ஷெஃபுடைய’ என்று கேட்கும். ஆனால் அந்தக் கராஜில் யார் யாருடையவர் என்பது ஒரு கிழமையிலேயே விளங்கிவிட்டது. ஷெஃப் கார்களின் கீழே படுத்துக் கிடப்பார். ஷெஃபின்தான் வாடிக்கையாளரோடு கதைப்பார், கணக்குப் பார்ப்பார், என்னுடைய வேலை அனுமதிக்காக வெளிநாட்டவருக்கான பொலிசோடு டெலிபோனில் சண்டை பிடிப்பார். அவர் இல்லாவிட்டால் கராஜ் இல்லை. கராஜ் இல்லாவிட்டால் எனக்கு வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யோசிக்க நான் விரும்பவில்லை.

என்னோடு ஒரே அறையில் சிவம் அண்ணை இருந்தார். ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவுகிறவர். எனக்கு ஒரு வருஷம் முந்தி வந்தவர் என்பதால் தனக்கு டொச்சு, அதாவது ஜெர்மன் மொழி, தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தார். எனக்கும் அந்த நம்பிக்கைதான் துணை.

ஒரு வெள்ளிக்கிழமை ஷெஃப் கைகளைத் தேய்த்துக்கொண்டு என்னிடம் வந்து ஏதோ சொன்னார். அதில் எனக்கு விளங்கியது இரண்டு சொற்கள்தான். அதோடு அறைக்கு ஓடினேன்.

“அண்ணை, நாளைக்குக் கராஜுக்கு ஆமி வருதாம்.”

சிவம் அண்ணை வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினார். “ஆர் சொன்னது?”

“ஷெஃப்.”

“சிரிச்சுக்கொண்டோ சொன்னவன்?”

“ஓம். கையைத் தேய்ச்சுக்கொண்டு.”

“அப்ப நீ நாளைக்குப் போகாதை. இஞ்சயும் துவங்கீட்டாங்கள்.”

போகாமல் இருக்க முடியுமா? விண்ணப்பக் கடதாசி எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனேன். பத்து மணிபோல ஒரு பாரவண்டி வந்து நின்றது. அதன் முதுகிலிருந்து இறங்கியது ஒரு கார். தோடம்பழச் செம்மஞ்சள் நிறம், இரண்டே கதவு, எங்கள் அறையைவிட நீளமான முன்மூடி, உள்ளே எட்டு சிலிண்டர். அமெரிக்கக் காரை இந்த நாட்டுக்காரர் செல்லமாக ‘ஆமி’ என்பார்களாம்; ஊரில் எங்களுக்கு ஆமி என்றால் ராணுவம். அன்று பகல் முழுவதும் நான் காரணமில்லாமல் சிரித்தேன். ஷெஃப், எனக்கும் அந்தக் கார் அவ்வளவு பிடித்துவிட்டது என்று நினைத்தார்.

இன்று நீங்கள் மசில் கார் என்கிறீர்களே, அந்த இனம். அமெரிக்காவில் இளவட்டங்கள் சந்திக்குச் சந்தி போட்டிக்கு ஓடவென்று செய்தது. அப்போதே அதற்கு வயது போய்விட்டது. சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் மாப்பிள்ளை. கிட்டப் போனால் மாப்பிள்ளையின் பெரியப்பா. ஓட்டுனர் பக்கக் கதவை அடித்துச் சாத்தினால் கண்ணாடி கதவுக்குள்ளே விழுந்துவிடும். மேடு பள்ளத்தில் ஏறினால் டிக்கி தானாகத் திறக்கும். பெற்றோல் மீட்டர் எப்போதும் பாதி காட்டும், நிரப்பினாலும் பாதி, வற்றினாலும் பாதி. ஸ்டேரிங்கை இடது பக்கம் முழுவதாகத் திருப்பினால் ஹோர்ன் அடிக்கும், நேராக்கும் வரை நிற்காது. பின் மட்காட்டில் பாதி இரும்பு, பாதி துருவை மறைக்கப் பூசிய பட்டி. ஆனால் எஞ்சின் இருக்கிறதே, ஒரு தட்டலில் எழும்பும். பிரேக் பிடித்தால் நிற்கும். கியர் வெண்ணெயில் கத்தி போல விழும். ஊர் சுற்ற, வேலைக்குப் போக, மழையில் நனைய ஏற்ற கார். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்க ஏற்றதல்ல. நீங்கள் விளம்பரத்தில் ‘டிரைவர் குவாலிட்டி’ என்று ஒரு வரியில் போடுகிறது இதைத்தான். அந்த ஒரு வரி என் வாயில் வர நான் பட்ட பாடுதான் இந்தக் கதை.

ஷெஃப் அதைத் திருத்தி விற்கப்போவதாகச் சொல்லித்தான் வாங்கினார். ஆனால் திருத்தவும் இல்லை, விற்கவும் இல்லை. பின்னேரங்களில் உள்ளே ஏறி உட்கார்ந்திருப்பார். வைத்திருந்ததோ கராஜின் ஒரே சூடான அறையில். பனிக்காலம் நெருங்கியது. பனிச் சில்லு, அதாவது பனிக்கால டயர், மாற்ற வருகிறவர்களின் கார்களை ஏற்ற இடமில்லை. ஒவ்வொரு முறையும் ஆமியை வெளியே எடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப உள்ளே விட வேண்டும்.

ஷெஃபின் தன் கணவரோடு கதைப்பதை நிறுத்தினார். என் மூலமாகத்தான் பேச்சு. “கோப்பி ஆறுது எண்டு அவரிட்டைச் சொல்லு.” நான் போய், “கோப்பி, குளிர்” என்பேன். “வாறன் எண்டு சொல்லு.” நான் திரும்பி வந்து, “ஷெஃப், வருது” என்பேன். இப்படித்தான் நான் டொச்சு படித்தேன்.

அப்போது ஷெஃபுக்கு ராணுவப் பயிற்சி வந்தது. இந்த நாட்டில் ஆண்கள் வருஷம்தோறும் சில கிழமை சீருடை போட்டுக்கொண்டு போய்வர வேண்டும், துவக்கையும் வீட்டிலேயே வைத்திருப்பார்கள். இது எனக்கு அப்போது தெரியாது. ஒரு காலை நான் கார் ஒன்றைத் துடைத்துக்கொண்டு நிற்க, வாசலில் பச்சைச் சீருடையும் தோளில் துவக்குமாக ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். நான் என்னை அறியாமல் காருக்குப் பின்னால் குந்திவிட்டேன். தலையை நீட்டிப் பார்த்தால் ஷெஃப். அவரும் குந்தி, காருக்கு அடியில் பார்த்து, “என்ன, எண்ணெய் ஒழுகுதோ?” என்று கேட்டார். “நைன்”, இல்லை, என்றேன். இருவரும் எழுந்தோம்.

போகும் முன் அவர் எனக்கு ஒரு வசனம் சொல்லித் தந்தார். ஆமியைப் பார்க்க பேர்னிலிருந்து ஒரு பல் டொக்டர் வருவார். அவரிடம் நான் சொல்ல வேண்டியது: “ட்ஸூஷ்டாண்ட் வீ நொய்.” நிலைமை புதிது போல, என்று பொருள். வேறு ஒன்றும் சொல்லக்கூடாது. புதிதுக்கு அவர்கள் சொல்கிற சொல் ‘நொய்’. நமக்கு நொய் என்றால் உடைந்த அரிசி. அந்தக் காரைப் பொறுத்தவரை தமிழ் அர்த்தம்தான் சரியாக இருந்தது.

அவர் சைக்கிளில் ஏறிப் போனதும் ஷெஃபின் என்னிடம் வந்தார். நிறுத்தி நிறுத்தி, கை காட்டிக் காட்டிச் சொன்னார். ஆமியைக் காட்டினார். பிறகு தன்னைக் காட்டினார். பிறகு வாசலைக் காட்டினார். “அவர் திரும்பி வரேக்க, ஒண்டில் அது. ஒண்டில் நான்.” அன்று இரவு சிவம் அண்ணையிடம் கேட்டேன்.

“அவ போறன் எண்டுறாவோ, கார் போகோணும் எண்டுறாவோ?”

“ரெண்டும் ஒண்டுதான். கார் போகாட்டி அவ போவா. அவ போனா நீ போவாய்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “நீ போனா அறை வாடகை முழுக்க என்ரை தலையில” என்றார். அந்த நிமிடத்திலிருந்து என் உச்சரிப்பைத் திருத்துவதில் அவர் மிகவும் அக்கறை காட்டினார். “நோய் எண்டாதை, நொய் எண்டு சொல்லு. நோய் எண்டால் ஆர் வாங்குவான்?”

பல் டொக்டர் வந்தார். மெல்லிய மனிதர், பளபளத்த சப்பாத்து. கைக்குட்டையில் சுற்றி ஒரு காந்தம் கொண்டுவந்திருந்தார். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. “குரூஸெக்” என்று கும்பிடு போட்டுவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி என் வசனத்தைச் சொன்னேன். ஒரு பிழையும் இல்லாமல் வந்தது. அவர் தலையாட்டிவிட்டுக் காந்தத்தைப் பின் மட்காட்டில் வைத்தார். அது விழுந்தது.

விழுந்ததை நான் பாய்ந்து பிடித்தேன். அவருடைய பொருள் நிலத்தில் விழக்கூடாது அல்லவா. மரியாதையாகத் திருப்பிக் கொடுத்து, கொடுக்கும்போது சும்மா கொடுக்கக்கூடாதே என்று, “ட்ஸூஷ்டாண்ட் வீ நொய்” என்றேன். அவர் சற்றுத் தள்ளி வைத்தார். விழுந்தது. பிடித்தேன். கொடுத்தேன். “ட்ஸூஷ்டாண்ட் வீ நொய்.” கதவின் கீழே வைத்தார். விழுந்தது. இப்போது எனக்குக் கை பழகிவிட்டது, விழ முன்னரே கீழே கையை ஏந்திக்கொண்டு நின்றேன். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. முகம் சிவந்தது. நீளமாக ஏதோ சொன்னார். அதற்கும் என்னிடம் இருந்த பதில் அந்த ஒரு வசனம்தான். காந்தத்தைப் பறித்துக்கொண்டு போய்த் தன் காரில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினார். அவருடைய கண்ணாடி விழவில்லை.

ஷெஃபின் தான் கணக்குப் பார்க்கிற கந்தோர் ஜன்னலால் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்தார். திட்டப்போகிறார் என்று நின்றேன். அவர் ஆமியின் கதவைத் தட்டி, “கண்ணாடி?” என்று கேட்டார்.

‘கபுட்’ என்ற சொல் எனக்கு நன்றாகத் தெரியும். பழுது. கராஜில் அதிகம் காதில் விழுகிற சொல் அது. “கபுட்” என்றேன்.

“ஹோர்ன்?”

“கபுட்.”

“டிக்கி? மீட்டர்?”

“கபுட். கபுட்.”

“மோட்டோர்?”

“கூட்! சேர் கூட்!” நல்லது, மிக நல்லது.

ஷெஃபின் இடுப்பில் கை வைத்துச் சிரித்தார். பல கிழமைக்குப் பிறகு நான் பார்த்த சிரிப்பு. “அவர் சொல்லித் தந்ததை மற. இப்ப எனக்குச் சொன்ன மாதிரிச் சொல்லு.”

இதை நான் பிறகு எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். பொய் சொல்ல நிறைய இலக்கணம் வேண்டும். ‘என்றாலும்’ வேண்டும், ‘அப்படிப் பார்த்தால்’ வேண்டும், ‘முன்பு ஒருக்கால் இருந்தது’ வேண்டும். என்னிடம் பெயர்ச்சொற்களும் கபுட்டும் கூட்டும் மட்டும்தான் இருந்தன. உங்களுக்கு இந்த மொழி தாய்மொழி போல. அதனால் உங்களுக்கு இது என்னைவிடக் கஷ்டம். கவனமாக இருங்கள்.

அந்தக் கிழமையே ஒரு அம்மா பனிச் சில்லு மாற்ற வந்தார். ஐம்பது வயதிருக்கும், குள்ளம், சாம்பல் நிறக் கோட்டு, அடி மெல்லிய விசித்திரமான சப்பாத்து. மேலே மலைக் கிராமத்துத் தேவாலயத்தில் ஓர்கன் வாசிக்கிறவர் என்று ஷெஃபின் பிறகு சொன்னார். அவருடைய சின்னக் காரை உள்ளே ஏற்ற, வழக்கம்போல ஆமியை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. முற்றத்தில் கார் ஓட்டுவதற்கு எனக்கு அனுமதி உண்டு. ஏறி எஞ்சினைத் தட்டினேன். சூடேறும் வரை அதைக் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும். அந்த நேரத்தில் நான் பாடுவது வழக்கம். அந்த எட்டு சிலிண்டர் நின்ற இடத்தில் உறுமும்போது, சுருதிப் பெட்டி வைத்தது போலவே இருக்கும். அதில் சேர்ந்து ஒரு சாமிப் பாட்டுப் பாடினேன்.

கண் திறந்தால் அந்த அம்மா கார் முன்னால் நிற்கிறார். கண்ணை மூடி, தலையைச் சரித்துக் கேட்கிறார். பாட்டை நிறுத்தினேன்.

“இன்னொருக்கா” என்றார்.

இந்த நாட்டில் என் குரலை ஒருவர் கேட்டு ரசித்தது அதுவே முதல் தடவை. தொண்டையைச் செருமிக்கொண்டு, மேல் ஸ்தாயியில் எடுத்தேன். அவர் அவசரமாகக் கையை ஆட்டினார். “இல்லை, இல்லை. நீங்கள் இல்லை. அது.” முன்மூடியைக் காட்டினார்.

நான் வாயை மூடினேன். அவர் கைப்பையிலிருந்து சுருதி பார்க்கிற இசைக்கவை ஒன்றை எடுத்து, பம்பரில் தட்டிக் காதில் வைத்தார். எஞ்சினைக் கேட்டார். திரும்பவும் கவையைக் கேட்டார். முகத்தில் ஒரு குழந்தைச் சந்தோஷம். “எங்கடை பெரிய குழாய்!” என்றார். தேவாலயத்து ஓர்கனில் ஆக அடியில் இருக்கிற பெரிய குழாயின் சத்தமும் இதுவும் ஒன்று என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. பிறகு அவர் கேட்ட கேள்வி உடனே விளங்கியது.

“இது விற்கவோ?”

ஜன்னலைப் பார்த்தேன். ஷெஃபின் தலையை ஆட்டினார். தொடங்கினேன். கதவை அடித்துச் சாத்தி, கண்ணாடி விழுந்ததும், “கபுட்” என்றேன். டிக்கியில் ஒரு தட்டு, திறந்ததும், “கபுட்.” மீட்டரில் விரலை வைத்து, “எப்பவும் பாதி. கபுட்.” ஸ்டேரிங்கை இடது பக்கம் திருப்பினேன், ஹோர்ன் முற்றம் முழுக்க அலறியது, அதற்கு மேலால், “இதுவும் கபுட்!” என்று கத்தினேன். பின் மட்காட்டில் விரலால் தட்டி, இரும்புச் சத்தம் எங்கே முடிகிறது, பட்டிச் சத்தம் எங்கே தொடங்குகிறது என்று காட்டினேன். அவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. தானும் தட்டிப் பார்த்து, எந்த இடத்தில் சுருதி மாறுகிறது என்று கண்டுபிடித்தார்.

“அப்ப என்னதான் நல்லது?” என்று கேட்டார்.

“மோட்டோர் நல்லது. பிரேக் நல்லது. கியர் நல்லது.” கொஞ்சம் யோசித்து, “சீட் நல்லது” என்றும் சொன்னேன்.

“ஓடிப் பார்ப்பம்.”

ஷெஃபின் ஓடிப் பார்க்கிற காருக்குரிய தற்காலிக இலக்கத் தகட்டை மாட்டிவிட்டார். அந்த அம்மா ஓட்ட, நான் பக்கத்தில். ஏறியதும் அவருக்கு முன்மூடிதான் தெரிந்தது, வீதி தெரியவில்லை. பையிலிருந்து தடித்த பாட்டுப் புத்தகங்கள் இரண்டை எடுத்துச் சீட்டில் போட்டு அதன் மேலே உட்கார்ந்தார். புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றுகிற வீட்டில் வளர்ந்தவன் நான். ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். ஆனால் அவர் கிளச்சில் கால் வைத்த விதம்! விரலும் குதிக்காலுமாக, மிதிக்காமல், வாசித்தார். அப்போதுதான் அந்தச் சப்பாத்தின் ரகசியம் விளங்கியது. இருபது வருஷமாக இரண்டு காலாலும் ஓர்கன் வாசிக்கிறவருக்குக் கிளச் எம்மாத்திரம்.

ஹோர்ன் பழுது என்று சொல்லியிருந்தேனே. அவர் அதை மனதில் வைத்து, வலது பக்கம் மட்டுமே திரும்பினார். நேராகப் போனால் ஐந்து நிமிடத்தில் போகிற இடத்துக்கு, ஊரைச் சுற்றி, ஆற்றைச் சுற்றி, ஒரே வட்டாரத்தை இரண்டு தரம் பார்த்து, ஒருவழியாக மலை வீதிக்கு வந்தோம். “பெற்றோல் எவ்வளவு இருக்கு?” என்று கேட்டார். “தெரியாது. கபுட்” என்றேன். வழியில் நிறுத்திப் பெற்றோல் அடித்துக்கொண்டார். பாருங்கள், இதை நான் மறைத்திருந்தால் மலை ஏற்றத்தில் நின்றிருப்போம். சொன்னதால் அது ஒரு பழுதாகவே அவருக்குத் தெரியவில்லை, பழக்கமாகத் தெரிந்தது.

தேவாலயத்தின் பக்கக் கதவுக்கு நேரே காரை நிறுத்தினார். டிக்கி திறந்தது. “இறங்கி இந்தப் பக்கம் வந்து இருங்கோ. அது ஓடட்டும்” என்று சொல்லிவிட்டு, கதவுகளை அகலத் திறந்து உள்ளே ஓடினார். நான் ஓட்டுனர் சீட்டில், புத்தகங்களைக் கும்பிட்டு ஓரமாக வைத்துவிட்டு, எஞ்சினைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. சத்தம் என்று சொல்ல முடியாது. நிலம் உறுமியது. ஆமியும் உறுமியது. இரண்டும் சேர்ந்தும் விலகியும், வூம், வூம், வூம் என்று நெஞ்சுக்குள் அடித்தது. தேவாலயக் கண்ணாடிகள் கிணுகிணுத்தன. கூரையிலிருந்து புறாக்கள் கிளம்பின. பக்கத்து முதியோர் இல்லத்தின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

எதிர்வீட்டிலிருந்து பாதிரியார் ஓடிவந்தார். உயரமான இளம் மனிதர், கழுத்தில் சாப்பாட்டுத் துணி, கையில் கரண்டி. காரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கதவுக்குள் பார்த்தார்.

“ஓர்கன் கபுட்டோ?” என்று கத்தினார்.

“நைன்! ஓர்கன் கூட்! கார் கபுட்!”

அவருக்கு அது ஆறுதலாக இருந்ததாகத் தெரியவில்லை. அந்த நேரம் சத்தம் நின்று, அந்த அம்மா முகம் முழுக்கச் சிரிப்போடு வெளியே வந்தார். இருவரும் கதைத்தார்கள். வேகமாகக் கதைத்ததால் சொற்கள் தெரியவில்லை, ஆனால் பாதிரியார் கரண்டியால் ஒவ்வொன்றாகக் காட்டினார்: திறந்த டிக்கி, விழுந்த கண்ணாடி, பட்டி பூசிய மட்காட். அம்மாவின் சிரிப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. கோட்டின் பொத்தானைத் திருகத் தொடங்கினார். வாங்க வந்தவருக்கு மனம் மாறுகிற நேரம் அது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். கை எதையாவது திருகும்.

கடைசியில் பாதிரியார் என் பக்கம் குனிந்து, எனக்கு விளங்க வேண்டும் என்று மெதுவாகக் கேட்டார். “உண்மையைச் சொல்லுங்கோ. இது நல்ல காரோ?”

என் நாக்கில் அந்த வசனம் தயாராக நின்றது. மனப்பாடம் செய்தது அல்லவா, தானே வரும். வாசலைக் காட்டிய ஷெஃபினின் கை கண்ணில் வந்தது. அறை வாடகை வந்தது. ‘ஓம்’ என்று சொன்னாலே போதும், பாதிரியார் திரும்பிப் போய்ச் சாப்பிடுவார். ஆனால் இவ்வளவு நேரம் இந்த அம்மா நான் சொன்னதை எல்லாம் நம்பி வலது பக்கமாகவே திரும்பி வந்தவர். என்னிடம் இருந்த சொற்களை எல்லாம் தேடி எடுத்தேன்.

“வடிவு இல்லை. ஆனால் ஓடும்.”

பாதிரியார் கரண்டியைத் தாழ்த்தினார். பிறகு நிமிர்ந்து அந்த அம்மாவிடம், “என்ரை சபையிலயும் கனபேர் அப்பிடித்தான்” என்றார். அம்மா வாய்விட்டுச் சிரித்தார். பாதிரியாரும் சிரித்தார். கரண்டி எதற்கு என்று அப்போதுதான் நினைவு வந்தது போல, சாப்பிடப் போனார்.

திரும்பிப் போக அந்த முற்றத்திலிருந்து இடது பக்கம் திருப்பியே ஆக வேண்டும். வேறு வழியில்லை. ஹோர்ன் அலற, கார் ஒரு பெரிய வட்டம் அடிக்க, முதியோர் இல்லத்து ஜன்னல்களில் நின்றவர்கள் கல்யாண ஊர்வலம் என்று நினைத்துக் கைக்குட்டை ஆட்டினார்கள். அந்த அம்மா தலையைத் தாழ்த்தி வணங்கினார். நானும் வணங்கினேன்.

கந்தோருக்குள் பேச்சு கனநேரம் எடுக்கவில்லை. சின்னக் காரை விட்டுவிட்டு, மிச்சத்தைக் கட்டி, ஆமியை எடுப்பது என்று முடிவாயிற்று. வாகனப் பரிசோதனைக்கு முன் ஹோர்னையும் மீட்டரையும் கண்ணாடியையும் ஷெஃப் வந்து திருத்திக் கொடுப்பார் என்று ஷெஃபின் வாக்குக் கொடுத்தார். “மட்காட்டைத் தொட வேண்டாம்” என்று அந்த அம்மா சொன்னார். “அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.”

ஷெஃப் ஒரு சனிக்கிழமை திரும்பினார். சூடான அறை வெறுமையாக இருந்தது. ஆமி வெளியே பேரிக்காய் மரத்தடியில், முன் கண்ணாடியில் ‘விற்றாயிற்று’ என்ற மட்டையோடு நின்றது. சீருடையோடு அப்படியே போய்ப் பக்கத்தில் நின்றார்.

“பல் டொக்டரோ?”

“நைன். ஓர்கன்.”

அவருக்கு விளங்கவில்லை. “நான் சொல்லித் தந்ததைச் சொன்னியோ?”

“பல் டொக்டரிட்டைச் சொன்னன்.”

“போயிட்டாரோ?”

“ஓம். கோவத்தோடை.”

ஷெஃப் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலில் ஒரு திருப்தி இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது: காந்தத்தோடு வருகிற மனிதரிடம் புதிது என்று சொல்லச் சொன்னது அந்த மனிதர் வாங்காமல் போகட்டும் என்றுதானோ? இன்றுவரை எனக்குத் தெரியாது. விற்க மனமில்லாதவர் சொல்கிற பொய்யும், எப்படியாவது விற்கத் துடிக்கிறவர் சொல்கிற பொய்யும் கேட்க ஒரே மாதிரித்தான் இருக்கும்.

அவர் உள்ளே ஏறி உட்கார்ந்தார். கதவைச் சாத்த, கண்ணாடி விழுந்தது. ஷெஃபின் இரண்டு கோப்பியோடு வந்து, விழுந்த கண்ணாடியின் இடத்தால் ஒன்றை உள்ளே நீட்டினார். “ஆற முதல் குடியுங்கோ” என்று நேரே அவரிடமே சொன்னார். நான் விலகி நின்றேன். இனி என் வழியாகச் சொல்லத் தேவையில்லை.

பின்னேரம் வேலை முடிந்து போகும்போது ஷெஃபின் என்னைக் கூப்பிட்டார். கார் கழுவக் கராஜில் தந்து நான் போட்டிருந்த பூட்ஸைக் காட்டி, “திங்கட்கிழமை றப்பர் பூட்ஸ் வேண்டாம்” என்றார். அவ்வளவுதான். அறைக்கு வந்து சொன்னேன். சிவம் அண்ணை கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

“பூட்ஸ் வேண்டாமோ? அப்ப வேலை போயிட்டுது.”

“காரை வித்துக் குடுத்தனான், அண்ணை.”

“அதுதான். கார் போயிட்டுது, இனிக் கழுவ என்ன இருக்கு? பூட்ஸைக் கழுவித் துடைச்சுக் குடுத்திட்டு வா. மரியாதையாப் பிரிவம்.”

ஞாயிறு முழுவதும் பூட்ஸைக் கழுவினேன். திங்கள் காலை அதைப் பத்திரிகையில் சுற்றிக்கொண்டு போய் ஷெஃபினின் மேசையில் வைத்தேன். பிரித்துப் பார்த்தவர் நெடுநேரம் சிரித்து, கண்ணைத் துடைத்து, விற்பனைக் கார்கள் நிற்கிற முன் மண்டபத்தைக் காட்டினார். அங்கே ஒரு கதிரையின் முதுகில் ஷெஃபுடைய பழைய கழுத்துப்பட்டி ஒன்று தொங்கியது. எனக்கு.

அந்த மண்டபத்துத் தரை விரிப்பை அழுக்காக்கக்கூடாது. வீதிச் சப்பாத்திலோ சேறு. கழற்றி வாசலில் விட்டேன். முதல் வாடிக்கையாளர் உள்ளே வந்தபோது நான் கழுத்துப்பட்டியும் காலுறையுமாக நின்றேன். மலைக் கிராமத்திலிருந்து வந்த தச்சர். என் காலைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

“கபுட் என்று சொல்லுகிறவர் நீங்கள்தானோ?”

“யா” என்றேன்.

“எனக்கு ஒரு வான் வேணும்.”

மூலையில் நின்ற நீல வானிடம் அழைத்துப் போனேன். கதவைத் திறந்தேன். எங்கே தொடங்குவது என்று யோசித்து, ஆகப் பெரிய பழுதிலிருந்தே தொடங்கினேன். “கிளச், கபுட்.”

தச்சர் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார். மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார்.

“சரி” என்றார். “வேறென்ன?”